வரைவு திரும்பி வந்துவிட்டதா? குறிப்பிடத்தக்கமையை நிறுவுவது எப்படி

கேள்வி சுருக்கமாக இது: பெரணிகளையும் பாசிகளையும் வாழ்நாள் முழுக்கச் சேகரித்து வகைப்படுத்திய ஒரு தாவரவியலாளர். துறைக்கு வெளியே யாருக்கும் அவரைத் தெரியாது. அவருடைய மாணவர் ஒருவர் ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரை எழுதி, முப்பதுக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் கொடுத்தும், ‘குறிப்பிடத்தக்கமை (தனிப் பக்கத்துக்கான தகுதி) நிறுவப்படவில்லை’ என்று வரைவு திரும்பி வந்துவிட்டது. ‘இவ்வளவு பெரிய வேலை செய்தவரை இல்லை என்கிறார்கள். இன்னும் என்ன ஆதாரம் காட்டுவது?’ என்று கேட்கிறார்.

முதலில் அந்தக் கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அவர் பெரிய வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்லவில்லை. வரைவை மீளாய்வு செய்பவருக்குப் பெரணியும் தெரியாது, பாசியும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று விதியும் இல்லை. அவர் பெரும்பாலும் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த மனிதரோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாதவர்கள், தாங்களாகவே உட்கார்ந்து, இவரைப் பற்றி நாலு வரிக்கு மேல் எழுதி, அது பொறுப்பான ஓர் இடத்தில் அச்சாகியிருக்கிறதா? ஆம் என்றால் கட்டுரை நிற்கும். இல்லை என்றால் நோபல் பரிசுக்குத் தகுதியானவராக இருந்தாலும் நிற்பது கடினம்.

நோபல் என்று சும்மா சொல்லவில்லை. இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லாண்ட் கதை இந்த விஷயத்தில் ஒரு பாடமே. லேசர் துடிப்புகளை நீட்டி, பெருக்கி, மறுபடி சுருக்கும் முறையை ஜெரார் மூரூவுடன் சேர்ந்து 1985-ல் வெளியிட்டவர் அவர். 2018 மே மாதம் அவரைப் பற்றிய வரைவு ஒன்று ஆங்கில விக்கிப்பீடியாவில் மறுக்கப்பட்டது. கொடுத்த மேற்கோள்கள் குறிப்பிடத்தக்கமையைக் காட்டவில்லை என்பதுதான் காரணம். அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி அவருக்கு இயற்பியல் நோபல் அறிவிக்கப்பட்டது. அப்புறம்தான் அவருக்கு ஒரு பக்கம் வந்தது. உலகமே விக்கிப்பீடியாவைத் திட்டியது.

திட்டியதில் பாதி நியாயம் உண்டு. மறுபாதியை யாரும் கவனிக்கவில்லை. ஸ்டிரிக்லாண்ட் 2013-லேயே அமெரிக்காவின் ஆப்டிகல் சொசைட்டிக்குத் தலைவராக இருந்தவர். கல்வியாளர்களுக்கென்று விக்கிப்பீடியாவில் தனி அளவுகோல் இருக்கிறது. பெரிய அறிவியல் கழகம் ஒன்றின் உயர் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் அந்த அளவுகோலின்படி அது போதும். செய்தித்தாள்களில் பக்கம் பக்கமாக வந்திருக்க வேண்டியதில்லை. அப்படிப் பார்த்திருந்தால் அவர் அன்றே தேறியிருப்பார். ஆக, ஆள் தகுதியாக இருப்பது மட்டும் போதாது. எந்த விதியின்படி தகுதி, அதற்கு எது சான்று என்பதை மீளாய்வாளர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். வரிசையில் நூற்றுக்கணக்கான வரைவுகள் காத்திருக்க, ஒவ்வொன்றுக்கும் சில நிமிடம் ஒதுக்கும் தன்னார்வலர் அவர். தோண்டிப் பார்ப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் தாவரவியலாளருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எல்லோருக்கும் பொதுவான அளவுகோல்: நம்பகமான, சார்பற்ற, பல மூலங்களில் விரிவான எழுத்து. இன்னொன்று இந்தக் கல்வியாளர் அளவுகோல். அதில் பல வாசல்கள். ஒன்று திறந்தாலே போதும். துறையில் பெரிய தாக்கம் செலுத்தியதாக மற்றவர்கள் எழுதியிருப்பது, மிகத் தேர்ந்த சிலருக்கே கிடைக்கும் கழக உறுப்பினர் தகுதி, பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் ஒருவர் பெயரால் நிறுவப்பட்ட பேராசிரியர் இருக்கை, துறையில் மதிப்புள்ள இதழின் முதன்மை ஆசிரியர் பொறுப்பு என்று போகும். சந்தா கட்டினால் சேர்த்துக்கொள்ளும் கழகம் கணக்கில் வராது. எழுத்தாளர்கள், இசைக்கலைஞர்கள், விளையாட்டு வீரர்கள் என்று மற்றவர்களுக்கும் இப்படித் தனித்தனி அளவுகோல்கள் உண்டு. ஆனால் எல்லாம் ஒரே தன்மை இல்லை. விளையாட்டில் முன்பெல்லாம் பெரிய போட்டி ஒன்றில் ஆடியிருந்தாலே பக்கம் கிடைத்துவிடும். 2022-ல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது அவரைப் பற்றி விரிவாக எழுதிய மூலம் ஒன்றாவது காட்டியாக வேண்டும். பொதுவாகப் போக்கு கெடுபிடியாகிறதே தவிரத் தளரவில்லை.

இவை தவிர, யாருக்கும் பொருந்தும் ஒரு குறுக்குவழியும் இருக்கிறது. ஒரு நாட்டின் அதிகாரப்பூர்வமான தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியில் அவருக்குத் தனிப் பதிவு இருந்தால், அநேகமாக அதுவே போதும். பழைய காலத்து ஆட்களுக்கு முதலில் அங்கே போய்த் தேடுங்கள். ஆனால் பிரபலங்களின் விவரத் தொகுப்பான ‘யார் எவர்’ (Who's Who) வகை நூல்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவற்றில் பலவற்றில் சம்பந்தப்பட்டவரே தன் விவரத்தை எழுதிக் கொடுப்பார். சிலவற்றில் இடம்பெறக் காசு கொடுத்தாலே போதும்.

இனி அந்த முப்பது மேற்கோள்கள். இப்படிப்பட்ட வரைவுகளில் என்னென்ன இருக்கும் என்பது பார்த்துப் பார்த்துப் பழகிப்போனது. பல்கலைக்கழகத் தளத்தில் அவருடைய பக்கம்: அவர் வேலை பார்த்த இடம், சார்புள்ளது, பிறந்த ஆண்டு, பதவி போன்ற தகவலுக்குப் பயன்படும், தகுதிக்குப் பயன்படாது. அவரே எழுதிய கட்டுரைகள் ஒரு பன்னிரண்டு: அவர் எழுதினார் என்பதற்குத்தான் சான்று, அவரைப் பற்றி யாரும் எழுதினார்கள் என்பதற்கு இல்லை. கருத்தரங்க நிகழ்ச்சிநிரல், நூலகப் பட்டியல் பதிவு, தாவரப் பெயர்களின் தரவுத்தளத்தில் அவருடைய பெயர்ச்சுருக்கம்: எல்லாம் அவர் இருந்தார் என்று மட்டும் சொல்லும். தாவரங்களுக்கு முறைப்படி பெயர் வைத்த எல்லோருக்கும் அப்படி ஒரு சுருக்கம் உண்டு. லின்னேயஸுக்கு ‘எல்.’ என்ற ஓர் எழுத்து. அது ஒரு கௌரவப் பட்டம் என்று நினைத்து அதை முதல் பத்தியிலேயே போடுகிறவர்கள் உண்டு.

பேட்டிகள் கொஞ்சம் சிக்கலானவை. கேள்வியும் பதிலுமாக வந்த பகுதி அவர் வாய்ச்சொல்; ஆகவே முதல்நிலை மூலம். ஆனால் பேட்டிக்கு முன்னால் பத்திரிகையாளர் தாமே விசாரித்து மூன்று பத்தி எழுதியிருந்தால் அந்த மூன்று பத்திக்கு மதிப்பு உண்டு. மேற்கோள் கொடுக்கும்போது அந்தப் பகுதியைச் சுட்டுங்கள். செய்தித்தாளில் வெள்ளச் சேதம் பற்றிய கட்டுரையில் ‘தாவரவியலாளர் ஒருவர் கூறினார்’ என்று இரண்டு வரி வந்திருந்தால் அது போகிறபோக்கில் சொன்னது. இப்படிப் பத்து இருந்தாலும் பத்துப் பூஜ்யம்தான். விருது கொடுத்த அமைப்பின் செய்திக்குறிப்பு சார்புள்ளது. அதே செய்திக்குறிப்பை நான்கு நாளிதழ்கள் வரி மாறாமல் போட்டிருந்தால் அது நான்கு மூலம் ஆகாது, ஒன்றுதான், அதுவும் சார்புள்ள ஒன்று. ஃபோர்ப்ஸ் தளத்தில் வந்தது என்று சிலர் பெருமையாகக் கொடுப்பார்கள். அங்கே ஊழியர்கள் எழுதுவது வேறு, வெளியார் பங்களிப்பாக வருவது வேறு. பின்னதைப் பொதுவாக ஏற்பதில்லை. பயனர்களே நிரப்பும் ஐஎம்டிபி என்ற திரைப்படத் தரவுத்தளம், சமூக ஊடகம், வலைப்பூ இவையும் அப்படியே. காசு வாங்கிக்கொண்டு செய்தி போலவே பிரசுரிக்கும் பத்திரிகைகளும் இருக்கின்றன. எழுதியவர் பெயர் இல்லாமல், ஒரே புகழ்ச்சியாக ஒரு கட்டுரை வந்திருந்தால் மீளாய்வாளருக்கு உடனே மூக்கில் வேர்க்கும்.

இதையெல்லாம் கழித்த பிறகு முப்பதில் எது மிஞ்சும்? அவருடைய நூலுக்கு வேறொரு நிபுணர் ஆய்விதழில் எழுதிய மதிப்புரை. இது தங்கம். ஒரு நூலுக்கு இரண்டு மூன்று தனித்தனி மதிப்புரைகள் கிடைத்தாலே நிலைமை மாறிவிடும். அவர் இறந்தபோது நாளிதழின் செய்தியாளர் எழுதிய இரங்கல் கட்டுரையும் நல்லது. குடும்பத்தார் கட்டணம் கட்டிப் போடும் மரண அறிவிப்பு அந்தக் கணக்கில் வராது. துறைக் கழகத்தின் இதழில் சக ஆய்வாளர் எழுதிய அஞ்சலி நடுவில் நிற்கும்: சிலர் ஏற்பார்கள், சிலர் நண்பர் எழுதியது என்பார்கள். மாணவர்கள் சேர்ந்து கொண்டுவந்த மணிவிழா மலரைத் தகவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தகுதிக்கு அதை முன்னிறுத்தினால் தோற்பீர்கள்.

அதிகம் அறியப்படாதவர் விஷயத்தில் உண்மையான வேலை வாதாடுவதில் இல்லை, தேடுவதில் இருக்கிறது. கூகுளில் பெயரைப் போட்டு முதல் இரண்டு பக்கத்தோடு நிறுத்திவிடுகிறோம். முன்னெழுத்து முன்னால் வருவது, பின்னால் வருவது, விரித்து எழுதுவது, பழைய எழுத்துக்கூட்டல், வேற்று மொழி எழுத்துமுறை, திருமணத்துக்கு முந்தைய பெயர் என்று எல்லா வடிவத்திலும் தேட வேண்டும். பெயரை விட்டுவிட்டு அவருடைய நூல் தலைப்பையோ, அவர் விவரித்த பேரினத்தையோ போட்டுத் தேடினால் சில சமயம் புதிதாக ஏதாவது அகப்படும். கூகுள் புக்ஸில் துண்டு துண்டாகத் தெரியும் வரிகள், இன்டர்நெட் ஆர்கைவில் ஸ்கேன் செய்த பழைய இதழ்களின் உள்தேடல், ஆய்விதழ்களின் தரவுத்தளமான ஜேஸ்டோர் இவையெல்லாம் கூகுளின் முதல் பக்கத்துக்கு வராத சரக்கு. விக்கிப்பீடியாவில் குறைந்தது ஆறு மாதக் கணக்கும் 500 தொகுப்புகளும் இருந்து, தொடர்ந்து பங்களித்தும் வந்தால், ‘விக்கிப்பீடியா லைப்ரரி’ வழியாகக் கட்டணத் தரவுத்தளங்கள் பல இலவசமாகத் திறக்கும். உங்களுக்கு அந்தத் தகுதி இல்லையென்றால், இருக்கிறவர்களிடம் கேளுங்கள். அங்கே இதற்கென்றே கோரிக்கைப் பக்கம் இருக்கிறது.

தாவரவியலாளர் என்பதால் இன்னொரு வழியும் உண்டு. யாராவது ஒரு சிற்றினத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்களா பாருங்கள். பெயர் வைத்தது மட்டும் போதாது. ஆனால் அந்தச் சிற்றினத்தை முதலில் விவரித்த கட்டுரையில் பெயர்க்காரணம் என்று ஒரு பத்தி இருக்கும். சில நேரம் ‘இந்தக் குழுவைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததெல்லாம் இவர் சேகரித்ததிலிருந்து வந்தவை’ என்கிற ரீதியில் அதில் எழுதியிருப்பார்கள். அவரோடு வேலை செய்யாத ஒருவர் அப்படி எழுதியிருந்தால் அது மேற்கோளாகும். அதேபோல அந்தத் துறையின் வரலாற்றை எழுதிய நூல்கள், முனைவர் பட்ட ஆய்வேடுகளில் முந்தைய ஆய்வுகளைத் திறனாயும் அத்தியாயம், உலர்தாவரச் சேகரிப்புகளைப் பற்றிய கட்டுரைகள். ‘இன்னார் 1960-களில் செய்த வகைப்பாடு தவறு’ என்று இரண்டு பக்கம் மறுத்து எழுதியிருந்தாலும் நமக்கு லாபம்தான். குறிப்பிடத்தக்கமைக்குப் பாராட்டுதான் வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சொல்லப்போனால் கடுமையான மறுப்பைவிடச் சார்பற்ற மூலம் வேறு என்ன இருக்கிறது?

இணையத்தில் இல்லாத மூலம் செல்லாது என்ற ஒரு தப்பான எண்ணம் பரவலாக இருக்கிறது. செல்லும். எந்த மொழியில் இருந்தாலும் செல்லும். ஆனால் சரிபார்க்கக்கூடிய அளவுக்கு விவரம் கொடுக்க வேண்டும்: இதழ், தேதி, பக்க எண், எழுதியவர். மேற்கோள் வார்ப்புருவில் (விவரங்களை நிரப்பும் படிவத்தில்) மூலத்தின் வாசகத்தைச் சேர்க்க ஓர் இடம் உண்டு. முக்கியமான இரண்டு வரியை அதில் போட்டு, வேற்று மொழி என்றால் மொழிபெயர்ப்பும் கொடுத்துவிடுங்கள். இணைப்பு இருந்தால் இணையப் பக்கங்களின் நகலைக் காக்கும் வேபேக் மெஷினில் சேமித்து அந்த முகவரியையும் சேர்த்துவிடுங்கள். சிறு இதழ்களின் தளங்கள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோகும்.

தேடி முடித்ததும் வெட்ட வேண்டும். இதுதான் எழுதியவருக்கு வலிக்கும் இடம். முப்பது மேற்கோளில் நல்லது மூன்று ஒளிந்திருந்தால் மீளாய்வாளர் முதல் ஐந்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார். விக்கிப்பீடியர்கள் நடுவில் ‘சிறந்த மூன்றைக் காட்டு’ என்று ஒரு வழக்கமே உண்டு. வரைவோடு இணைந்த உரையாடல் பக்கத்தில், அல்லது வரைவின் மேலே குறிப்பாக, இப்படி எழுதுங்கள்: இன்ன அளவுகோலின்படி இவர் தகுதி பெறுகிறார், இன்ன இதழில் இன்னார் எழுதிய நான்கு பக்க மதிப்புரை, இன்ன நூலின் இந்தப் பக்கம் முதல் அந்தப் பக்கம் வரை, இன்ன நாளிதழின் இரங்கல் கட்டுரை. அவ்வளவுதான். ‘தன் வாழ்நாளை அறிவியலுக்கே அர்ப்பணித்த மாமேதை’ போன்ற வரிகளை எடுத்துவிடுங்கள். அவை இருக்கிற இடத்தில் சந்தேகம் முளைக்கும். கட்டுரையின் முதல் இரண்டு வாக்கியத்திலேயே அவர் எதனால் குறிப்பிடத்தக்கவர் என்பது வந்துவிட வேண்டும். பள்ளிப்படிப்பும் பெற்றோர் பெயரும் அப்புறம் வரட்டும்.

நீங்கள் அவருடைய மாணவர் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இப்படிச் சொந்தத் தொடர்பு இருப்பது, அதாவது நலமுரண், குற்றம் இல்லை, மறைப்பதுதான் பிரச்சினை. காசு வாங்கி எழுதுகிறவர்கள் அதை அறிவித்தே ஆக வேண்டும் என்பது 2014 முதல் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அமைப்பின் பயன்பாட்டு விதி. இந்த விஷயத்தில் அவர்கள் ஏன் இவ்வளவு உஷாராக இருக்கிறார்கள் என்பதற்குப் பின்னணி உண்டு. 2015-ல் ‘ஆரஞ்சுமூடி’ (Orangemoody) என்று பெயர் வைத்து ஒரு விசாரணை நடந்தது. கூட்டாக இயங்கிய 381 கணக்குகளை முடக்கினார்கள். வரைவு மறுக்கப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து, ‘காசு கொடுத்தால் பக்கத்தை ஏற்றித் தருகிறோம்’ என்பதும், ஏற்றிய பிறகு ‘மாதாமாதம் கொடுத்தால் நீக்காமல் பாதுகாக்கிறோம்’ என்பதும் அந்தக் கும்பலின் தொழில். அது போய்விட்டது, அந்த வியாபாரம் போகவில்லை. உங்கள் வரைவு திரும்பி வந்த சில நாளில் நிர்வாகி என்று சொல்லிக்கொண்டு ஒரு மின்னஞ்சல் வந்தால் பதிலே போடாதீர்கள்.

உங்கள் தாவரவியலாளர் உயிரோடு இருப்பவர் என்றால் கெடுபிடி இன்னும் ஒரு படி அதிகம். 2005-ல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலரின் பக்கத்தில், ஜான், ராபர்ட் கென்னடி சகோதரர்களின் கொலைகளில் அவருக்குச் சம்பந்தம் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது என்று யாரோ விளையாட்டுக்கு எழுதிவைக்க, அது மாதக்கணக்கில் அப்படியே இருந்தது. வாழும் நபர்களைப் பற்றிய விதிகள் இறுகியதற்கு அது பெரிய காரணம். இப்போது வாழும் ஒருவரைப் பற்றி ஒரு மூலம்கூட இல்லாமல் பக்கம் தொடங்கினால், யாராவது அடையாளமிட்டு ஏழு நாளில் அது போய்விடும்.

வரைவை ஏற்றுக்கொண்ட பிறகும் யாராவது அதை நீக்கல் உரையாடலுக்கு, அதாவது பக்கத்தை நீக்கலாமா என்று பயனர்கள் பேசும் இடத்துக்கு, கொண்டுபோகலாம். ஏழு நாள் நடக்கும். அங்கே வாக்கு எண்ணிக்கை முக்கியம் இல்லை, வாதம்தான். ஆகவே நண்பர்களைக் கணக்குத் தொடங்கவைத்துக் கூட்டிவராதீர்கள். அதைவிட வேகமாக வழக்கைக் கெடுப்பது எதுவும் இல்லை. ‘இவரைவிடச் சாதாரண ஆட்களுக்கெல்லாம் பக்கம் இருக்கிறதே’ என்பதும் எடுபடாது. அவற்றையும் நீக்கலாமே என்பார்கள். இன்னாரின் மகன், இன்னாரின் குரு என்பதும் உதவாது. புதிதாக ஒரு மூலம் கொண்டுவந்து வைத்தால் மட்டுமே பேச்சு மாறும். மிகக் கனமான செயற்கைத் தனிமங்களில் ஒன்றான டென்னசைன் கண்டுபிடிப்பில் பங்காற்றிய கிளாரிஸ் ஃபெல்ப்ஸ் பற்றிய பக்கம் 2019-ல் நீண்ட சண்டைக்குப் பிறகு நீக்கப்பட்டது. மேலும் மூலங்கள் வெளிவந்தபின் 2020-ல் திரும்ப வந்தது. மறுப்பு என்பது அன்றைய மூலங்களின் மேல் கொடுத்த தீர்ப்பு, நிரந்தரம் இல்லை. அதேசமயம் ஆறு மாதம் யாரும் தொடாத வரைவை நீக்கிவிடுவார்கள் என்பதால் ஒரு நகலை உங்கள் கணினியில் வைத்திருங்கள்.

தமிழ் விக்கிப்பீடியாவில் போடலாமே என்று கேட்டால், போடலாம், ஆனால் ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தனித்தனிச் சமூகம், தனித்தனி விதி. ஒன்றில் தேறியது இன்னொன்றில் தேறும் என்றோ, ஒன்றில் தோற்றது இன்னொன்றில் தோற்கும் என்றோ எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, எல்லாம் தேடியும் ஒரே ஒரு மதிப்புரையும் நாலு வரி அஞ்சலியும்தான் கிடைத்தது என்றால்? அப்போது தனிக் கட்டுரைக்கு நேரம் வரவில்லை. ஆளுக்குத் தனிப் பக்கம் இல்லாவிட்டாலும் அவருடைய வேலைக்கு இடம் உண்டு. அவர் வகைப்படுத்திய பேரினத்தின் கட்டுரையில், அவர் நிறுவிய சேகரிப்பின் கட்டுரையில், அந்தத் துறையின் வரலாற்றில் ஒரு பத்தி சேர்க்கலாம். அவர் பெயரைத் தேடுகிறவர்களை அந்தப் பத்திக்குத் திருப்பிவிடலாம். விக்கிப்பீடியாவின் சகோதரத் தரவுத்தளமான விக்கித்தரவின் நுழைவுத்தகுதி இதைவிட எளிது. அவருக்கு அங்கே ஓர் உருப்படி தொடங்கி, நூல்களையும் தாவரப் பெயர்களையும் இணைக்கலாம். பதிப்புரிமை உங்களிடம் இருக்கும் புகைப்படங்களை விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றலாம்.

அதைவிட உருப்படியான காரியம், இல்லாத மூலத்தை விக்கிப்பீடியாவுக்கு வெளியே உண்டாக்குவது. நியூயார்க் டைம்ஸ் 2018-ல் ‘ஓவர்லுக்ட்’ என்று ஒரு வரிசை தொடங்கி, தங்கள் பத்திரிகை 1851 முதல் இரங்கல் எழுதாமல் விட்டவர்களைப் பற்றி எழுதத் தொடங்கியது. பெரிய பத்திரிகைகளே இப்படித் திரும்பிப் பார்க்கின்றன. துறை வரலாற்று இதழ் ஒன்றின் ஆசிரியருக்கோ, அறிவியல் எழுதும் பத்திரிகையாளர் ஒருவருக்கோ அவருடைய கடிதங்கள், களக்குறிப்பேடுகள், படங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள். அவர்கள் விசாரித்து, தங்கள் பொறுப்பில் எழுதட்டும். எழுதி வெளிவந்ததும், பழைய வரைவின் உரையாடல் பக்கத்தில் அந்தக் கட்டுரையின் விவரத்தை இட்டு, மீண்டும் சமர்ப்பிக்கும் வேலையை உங்களோடு சம்பந்தமில்லாத ஒரு பயனரிடம் விட்டுவிடுங்கள்.